கையெழுத்துப் போடாத நல்லவர்

அந்தப் பேராசிரியரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. அவரிடம் இருந்த பெரிய தொல்லையே அதுதான். கல்லூரி முழுக்க அவருக்குத் தங்கம் சார் என்றுதான் பெயர். கோபப்படத் தெரியாது, மிரட்டத் தெரியாது. பரீட்சை ஹாலில் யாராவது தலைவலி என்றால் தன் பையிலிருந்தே மாத்திரை எடுத்துக் கொடுப்பார். கையெழுத்து ஒன்றுதான் கொடுக்க மாட்டார்.

கண்ணாடிக்காரிக்கு வேண்டியதோ அது ஒன்றுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு விழுந்த பெயர் அது. பகலில் கடை, சாயங்காலம் கல்லூரி என்று ஓடிக்கொண்டிருந்தவளை, வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலமும் கடையில் இருக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. சொல்லிவைத்தது போல அந்த இரண்டு நாளும் புள்ளியியல் வகுப்பு. பாதிப் பாடம் காதிலேயே விழவில்லை. இனி உருண்டு புரண்டாலும் தேற முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

தோற்பதற்கு முன்பே பாடத்திலிருந்து விலகிக்கொண்டால் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலில் அதற்கு நேரே டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும். விலகினாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். சராசரியில் சேராது. விலகாமல் தோற்றால் எஃப். ஓர் எஃப் இருந்தாலும் கண் பரிசோதகர் படிப்புக்கு நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். யாரோ எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸ் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போனவள் அவள். ஒருநாள் தானே கண்ணைப் பார்த்துப் பவர் எழுத வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. விலகல் படிவத்தில் பாடம் நடத்துகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் இன்றைக்கு.

இதற்கு முன்பும் இரண்டு முறை போய்விட்டு வந்தாயிற்று. முதல் முறை, “என் வகுப்புல இருந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட விலகினதில்லம்மா” என்று பூரித்துப்போய்ச் சொல்லி, நோட்ஸ் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டாம் முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் பாடம் சொல்லித் தருவதாகச் சொன்னார். அவள் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

“கையெழுத்து வாங்கப் போனவ டியூஷன் வாங்கிட்டு வந்திருக்கா பாரு!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று மதிய இடைவேளையில் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து மூன்றாம் முறையாக அவர் முன்னால் நின்றாள். தங்கம் சார் படிவத்தை வாங்கிப் பார்த்து, ஏதோ துக்கச் செய்தி வந்தது போல உச்சுக்கொட்டினார்.

“எதுக்கும்மா இந்த எழுத்து? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? நான் வேற வழி பண்றேன். முடிவு நிலுவைன்னு எழுதித் தர்றேன். பரீட்சையை அடுத்த பருவத்துல சாவகாசமா எழுதிக்கோ.”

சொன்ன கையோடு ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்துவிட்டார். அவ்வளவு அன்பாக நீட்டுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது? அவள் அதை வாங்கிக்கொண்டு கீழே அலுவலகத்துக்கு வந்தாள். கவுண்டரில் இருந்த அம்மாள் தாளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“தங்கம் சார் வகுப்பா?”

“எப்படித் தெரியும் மேடம்?”

“இந்தத் துண்டுச்சீட்டை அவர் ஒருத்தர்தான் எழுதுவார். வேலைக்குப் போறவளா நீ? அடுத்த பருவம் மட்டும் நேரம் எங்கேருந்து வரும்? எழுதலைன்னா இது தானா எஃப் ஆயிடும்மா. அவர் வகுப்புல யாருமே விலகறதில்லைங்கறது வாஸ்தவம்தான். வருஷா வருஷம் இந்தச் சீட்டோட வர்றவங்களுக்கெல்லாம் எஃப் போடறது நான்தானே.”

கண்ணாடிக்காரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போன வாரமெல்லாம் இந்த மனிதரிடம் கெஞ்சியதும், நன்றி சொன்னதும், பசியோடு ஓடி வந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். மாடிப்படிகளைத் தாவி ஏறினாள்.

“சார், உங்க வகுப்புல இருந்து யாரும் விலகலைன்னு சொன்னீங்களே. விலக நினைச்சவங்களை நீங்கதான் விடலை.”

தங்கம் சார் திகைத்தார். “ஏம்மா, அவங்க நல்லதுக்குத்தானே…”

“நீங்க சீட்டு எழுதிக் கொடுத்தீங்களே, அதுல யாராவது திரும்பி வந்து பரீட்சை எழுதினாங்களா?”

அவர் வாயைத் திறந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். யாராவது ஒருவர் முகம் நினைவுக்கு வராதா என்று தேடுவது தெரிந்தது.

“எழுதியிருப்பாங்க…”

“எல்லாருக்கும் எஃப் சார். கீழே கேட்டுப் பாருங்க. டபிள்யூவைப் பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குக் கவலையே இல்லை. என் டிரான்ஸ்கிரிப்ட் அது. உங்க பேருக்கு ஒரு கறை வரக் கூடாதுன்னு எங்க தலையில எஃப் கட்டி அனுப்பாதீங்க.”

சொல்லிவிட்டுப் படிவத்தை மறுபடி அவர் முன்னால் வைத்தாள். வயதில் பெரியவரிடம் அவள் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. தங்கம் சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் தேடி, மூடியைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அழகாக எழுதுகிறவர் கோணல்மாணலாக எழுதினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் வேலைக்காகாது என்று படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

கவுண்டர் அம்மாள் கையெழுத்தை இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு, “அட!” என்று முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணாடிக்காரிக்கு மூச்சே வந்தது. இனிக் கடைக்கு ஓட வேண்டும். முதலாளி வாசலிலேயே நிற்பார்.

திரும்பினால் பின்னாலேயே தங்கம் சார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கையில் இரண்டு படிவங்களோடு நின்றார். இரண்டிலும் மை காயாத கையெழுத்து.

“இன்னும் ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. நான்தான் வாங்கி டிராயர்ல வெச்சிட்டேன். இதையும் சேர்த்துக்கோங்க” என்று கவுண்டருக்குள் நீட்டினார்.

“அவங்களே நேர்ல வந்து கொடுக்கணும் சார். இன்னைக்கு மூடறதுக்குள்ள.”

“நான் வேணா எழுதிக் கொடுக்கட்டுமா?”

“நீங்க எழுதினது போதும் சார்!” என்றார் கவுண்டர் அம்மாள்.

தங்கம் சார் அவமானத்தோடு கண்ணாடிக்காரியைப் பார்த்தார். “அவங்க போன் நம்பர் உன்கிட்ட இருக்காம்மா?”

கடைக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. வயிறு காந்தியது. இந்த நல்ல மனிதரிடமிருந்து மட்டும் விலகவே முடியாது போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டே அவள் போனை எடுத்தாள்.