பொழுது சாய்வதற்குள்

வெறும் பதினைந்து நிமிடத்துக்காக ஒருத்தி ஒன்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் விழுந்து கிடப்பாளா என்று கேட்டால், சௌம்யா கிடந்தாளே. கூட நர்சிங் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இரண்டு பேர் குவைத்தில் இருக்கிறார்கள். இவள் மட்டும் பெரணமல்லூரில் பஸ் ஏறி, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

சௌம்யா ஜைன வீட்டுப் பெண். இருட்டில் ஒரு பூச்சிகூடத் தெரியாமல் வாயில் விழுந்து செத்துவிடக் கூடாது என்று, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாத குடும்பம். மத்தியான டியூட்டியோ ஒரு மணிக்குத் தொடங்கி இரவு எட்டரைக்குத்தான் முடியும். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிடப் பதினைந்து நிமிடம் தருவீர்களா என்று கேட்டாள். போனில் அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

டாக்டர் ரத்னமாலா சிரிக்கவில்லை. தெள்ளார்ப் பக்கத்துக்காரர், அதே ஜனம், ஆஸ்பத்திரி அவருடையது. “நானும் அந்த நேரத்துலதான் சாப்பிடுவேன். டிபன் பாக்ஸ எடுத்துகினு என் ரூமுக்கு வந்துடும்மா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். டாக்டர் தன் கையாலேயே பொரியல் எடுத்து வைப்பார். இப்படி நடத்துகிறவரை விட்டுவிட்டு எவளாவது போவாளா என்று இவள் உருகிப் போனாள். பைத்தியக்காரி.

நெசவாளி எல்லப்பனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. செய்தவர் டாக்டர்தான். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வார்டில் லாவண்யா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம் ஆன நர்ஸ். மேஜைமேல் போன் அடித்தது. டாக்டர் எடுத்தார். லாவண்யாவின் குரல் எதிரில் இருந்த சௌம்யாவுக்கும் நன்றாகக் கேட்டது.

“மேடம், எல்லப்பனுக்கு பி.பி. எறங்கிகினே வருது. ஆளு வேர்த்து ஊத்துறாரு.”

“சலைன வேகமா விடு. வரேன்.”

சௌம்யா எழுந்துவிட்டாள். ஆபரேஷன் ஆனவருக்கு பி.பி. இறங்கி வேர்த்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்றுதான் முதலில் பயப்பட வேண்டும். ஒன்பது வருட நர்சுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

“உக்காரும்மா” என்றார் டாக்டர். “இப்ப எழுந்து போனா பொழுது எறங்கிடும். காலைல வரைக்கும் பட்டினிதான். ரெண்டு வாய் முடிச்சுட்டு சேந்தே போவலாம்.”

சௌம்யா உட்கார்ந்தாள்.

வார்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு. எல்லப்பனின் உதடு வெளுத்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆம்புலன்சில் ஏற்றி வேலூருக்கு ஓடினார்கள். அங்கே மறுபடி ஆபரேஷன் செய்து, ரத்தம் ஏற்றி, உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கிட்னிதான் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

எல்லப்பன் வீட்டார் புகார் கொடுக்கப் போவதாகச் சேதி வந்த அன்று, டாக்டர் சௌம்யாவைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். செவிலியர் சௌம்யா அனுமதியின்றி உணவருந்தச் சென்றதால் நோயாளியின் நிலை மருத்துவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“நீங்களும்தானே மேடம் சாப்பிட்டுகினு இருந்தீங்க? போன எடுத்ததே நீங்கதானே?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மாட்டினா ஆஸ்பத்திரிய மூடணும். எத்தினி பேர் பொழப்பு இது. உனக்கு பேரு கொஞ்சம் கெடும், அவ்ளோதான். உன்ன நான் வெளிய அனுப்புவேனா? நம்ம பொண்ணு நீ.”

“லாவண்யாவ கேளுங்க.”

“அவ காலைலயே எழுதிக் குடுத்துட்டா. உன்ன தேடினாளாம், நீ கெடைக்கலையாம்.”

தானே கூப்பிட்டுக் கொடுத்த நேரத்தை இந்த அம்மாள் இன்று குற்றம் என்கிறாள். இதற்கா ஒன்பது வருடம் சோறு பரிமாறினாள்? பாவி, படுபாவி என்று சௌம்யா மனசுக்குள் திட்டினாள். காகிதத்தைத் தொடவில்லை. “நாளைலேந்து நான் வரல” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேலை போனது பெரிதில்லை. வேறு வேலை கிடைக்கும். நோயாளியைத் தவிக்க விட்டுச் சாப்பிடப் போனவள் என்ற பேரை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. எல்லப்பன் வீட்டாருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று மறுநாள் வேலூருக்கு பஸ் ஏறினாள்.

எல்லப்பனின் மனைவி சின்னம்மாள் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சௌம்யா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

“நான் தனியா போவலீங்க. தெனமும் டாக்டர்கூடத்தான் சாப்பிடுவேன். அன்னைக்கி போன் வந்துது, எடுத்ததே அவங்கதான். நான் ஒடனே எழுந்துட்டேங்க. அவங்கதான் உக்கார சொன்னாங்க.”

சின்னம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

“போன்ல சொன்னது உனுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுதுங்க.”

“ஆபத்துன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுங்க.”

“அப்புறம் ஏம்மா உக்காந்த?”

மேடம் சொன்னாங்க என்று இன்னொரு தடவை சொல்லத்தான் சௌம்யா வாயைத் திறந்தாள். டாக்டர்மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.