எல்லாம் எனக்குத்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு, மீதி ஒட்டுக்கேட்டது. ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுத அந்தப் பெரிய நகரத்துக்குப் போயிருந்தேன். "எங்க என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம், அவ்ளோதான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு உணவகத்தில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நாலு பேர் உட்காரும் மூலை மேசையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். முன்னால் வறுத்த மீன், உருளைக்கிழங்கு, ஒரு கூடை ரொட்டி; சூப் வேறு வந்து இறங்கியது. பரிமாறுபவர் குனிந்து கேட்டார்.

"இன்னும் யாராவது வரணுமா மேடம்?"

"யாரும் வரல. எல்லாம் எனக்குத்தான்."

கட்டுரைக்கு அங்கேயே முழுக்குப் போட்டேன். நான் கேட்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'வாழ்க்கையின் பாரத்தைச் சுமந்தபடி அவள் அந்த மாநகரத்தின்—'

சீ. பாரமாவது ஒன்றாவது. தோளில் ஒரு பை, அதுவும் பாதி காலி.

இரண்டாவது: 'கணவனை இழந்த அவள்—'

ஏன் இழக்கவேண்டும்? ஒருத்தி தனியாக மீன் சாப்பிட ஒரு ஆள் செத்தே ஆகணுமா?

மூன்றாவது நிலைத்துவிட்டது. அவள் ஒரு பெண்கள் விடுதியில் சமையல்காரி. எல்லோருக்கும் 'மெஸ் அக்கா'. தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். பகலெல்லாம் விடுதி அடுப்பு, வீட்டுக்கு வந்தால் வீட்டு அடுப்பு. விடுதியில் குழாய் மாற்றுவதற்காக ஒரு வாரம் பூட்டினார்கள். "அப்பாடா, வீட்ல நல்லா ரெஸ்ட் எடு அக்கா" என்றான் தம்பி. வீட்டு ரெஸ்ட் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

ஊர் பார்க்கும் ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று: உட்கார்ந்து, சூடாக, இன்னொருவர் பரிமாற, நடுவில் எழுந்திருக்காமல் ஒரு முழுச் சாப்பாடு. (இதெல்லாம் ஒரு ஆசையா என்று தோன்றினால், உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.)

3

முதல் நாளே கெடுத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் நல்ல கூட்டமான ஒரு சாப்பாட்டுக் கடை. சோறும் கோழி வறுவலும் வந்தது. இரண்டு வாய் வைத்திருப்பாள். எதிர் மேசையில் ஒரு பெண் காலி டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். மெஸ்ஸில் டம்ளர் உயர்ந்தால் தண்ணீர் என்று அர்த்தம். அக்காவுக்கு மூளை யோசிக்கும் முன்பே கால் எழுந்துவிட்டது. ஜக்கை எடுத்து ஊற்றினாள். அடுத்த டம்ளர் நீண்டது. அதற்கும் ஊற்றினாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் சாஸ்."

கொடுத்தாள்.

"இந்த டேபிளைக் கொஞ்சம் தொடச்சிட்டுப் போங்க."

துடைத்தாள். வரிசை முழுக்க முடித்துத் திரும்பினால் அவள் தட்டைக் காணோம். நாற்காலியில் வேறு ஒரு குடும்பம்.

"ஏம்ப்பா, என் தட்டு எங்க?"

"ஆள் இல்லாத தட்டைத் தூக்கிடுவோம்மா."

"நான் இங்கதான இருந்தேன்!"

"நீங்க பரிமாறிட்டுல்ல இருந்தீங்க? புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்கன்னு நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, தன் கையின் மேலேயே. தெருவில் சுட்ட சோளம் ஒன்று வாங்கி, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கைக்கு வேறு வேலை இருக்கக்கூடாது பாருங்கள்.

4

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"அவங்க மேல பரிதாபமே வரமாட்டேங்குதே. கடைசில ஒரு சொட்டுக் கண்ணீர் விடவைங்க. 'என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா'ன்னு ஒரு வரி. கதை எங்கயோ போயிடும்."

"அந்த வீட்டுச் சாப்பாட்டைச் செய்யறதே அவங்கதான் சார்."

அவர் விடவில்லை. "அப்ப இது வெறும் சாப்பாட்டுக் கதையா?"

ஆமாம் ஐயா, வெறும் சாப்பாட்டுக் கதைதான். ஒருத்தன் ஊரைப் பிடித்தால் காவியம், ஒருத்தி தன் தட்டை விடாமல் பிடித்தால் வெறும் சாப்பாட்டுக் கதையா? நல்லா இருக்கு உங்க நியாயம்!*

(*இந்தப் பத்தியை வெட்டச் சொல்வார். வெட்டமாட்டேன்.)

5

மறுநாள் ஊர் சுற்றினாள். ஆற்றில் படகு. பாலத்தைப் படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய, படகோட்டி தொண்டை கிழியக் கத்தினார். காலியாகக் கிடந்த மறுபக்கத்தில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, தலைக்கு மேலே பாலம் நகர்வதைப் பார்த்தாள். ஐஸ்கிரீம் வாங்கினாள், உருகி முழங்கை வரை வழிந்ததை நக்கினாள். யார் பார்த்தால் என்ன?

பிறகு மணிக்கூண்டு. மூச்சு வாங்க மேலே ஏறினால் நகரம் மொத்தமும் காலடியில். மற்றவர்கள் ஆற்றையும் மாளிகையையும் காட்டிக்கொண்டிருக்க, அவள் கூரைகளுக்கு மேல் எழும்பும் அடுப்புப் புகையை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள். எத்தனை வீட்டில் சமையல் நடக்கிறது! அதில் ஒன்றில்கூட அவள் இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நீ இல்லாம சோறே எறங்கலக்கா. போதும், இன்னிக்கே கிளம்பி வந்துடேன்."

அதட்டியிருந்தால் சமாளித்திருப்பாள். கெஞ்சினான். பாசமாகக் கெஞ்சினான்.

"சரிடா, பாக்கறேன்."

இவளை நம்பி நான் கதையைத் தொடங்கியிருக்கக்கூடாதோ? பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடக்கிறாள். நான் எழுதவில்லை, அவளாகவே நடக்கிறாள். வழியில் மழையை வரவழைத்தேன், குடை விரித்தாள். பஸ்ஸைத் தாமதமாக்கினேன், காத்திருக்கத் தயாரானாள். வேறு வழியில்லாமல், தெரு முனையில் வெங்காயமும் மிளகும் போட்டு மீன் வறுபடும் வாசனையை எழுதினேன். வெட்கமில்லாமல், இரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

நின்றாள்.

6

உள்ளே வந்தவள் நேராக மூலைக்குப் போனாள். சுவரை ஒட்டி உட்கார்ந்து, மேசையை வயிற்றோடு இழுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து வழியை அடைத்தாள். எழுந்திருக்கவேண்டும் என்றால் இத்தனையையும் தள்ளவேண்டும். தன் காலை அவளே நம்பவில்லை.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஆசிரியர் கேட்டது: அவள் கண்கலங்கி—

இரண்டு: பக்கத்து மேசையில் ஒரு நல்ல மனிதர், அன்பாகச் சிரித்து— வேண்டாம். நாலாவது நாளே அவர் 'உங்க கையால ஒரு வாய் கிடைக்குமா' என்பார்.

மூன்று: மீன் முள் தொண்டையில்— ஐயோ, கையை உடைத்துக்கொள்ளலாம் நான். இலக்கியம் என்றால் யாராவது சாகணும் என்ற புத்தி போகவே மாட்டேன் என்கிறது.

மூன்றையும் கிழித்துப்போட்டேன். சூப் வந்துவிட்டது. பரிமாறுபவர் கேட்கவேண்டியதைக் கேட்டார், அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். எதிர் மேசையில் யாரோ டம்ளரைத் தூக்கி ஆட்டுகிறார்கள். அவள் தோள் துள்ளுகிறது. மேசை வயிற்றில் இடிக்கிறது. உட்கார்ந்துவிட்டாள். கரண்டியை எடுக்கிறாள்.

போன் அடிக்கிறது. தம்பி.

இதற்கு மேல் நான் ஒரு வரி எழுதினாலும் அந்தக் கை கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுக்கும். எனக்கு அந்தக் கையைத் தெரியும். எழுதமாட்டேன். மேசை ஓரத்தில், உங்கள் பக்கமாகத்தான் போன் இருக்கிறது, நீங்கள் எடுங்கள். தம்பி நல்லவன், தன்மையாகவே பேசுங்கள். அக்கா எங்கே என்பான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். எப்போது முடிப்பாள் என்பான். இப்போதுதான் சூப் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.