இரண்டு டம்ளர் தண்ணீர்

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் இம்தியாஸ் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தை நிறுத்தினான். இரண்டு மணி ஆறு நிமிடம். போன வருடத்தைவிட நான்கு நிமிடம் குறைவு. யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள், யாரோ கையில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள். பழத்தை உரித்து ஒரு கடி கடித்தபோதுதான் பக்கத்தில் இரண்டு தன்னார்வலர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பச்சை பனியன் போட்ட ஒரு பெண் வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டாளாம். பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லையாம். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

கடித்த பழம் வாயிலேயே நின்றது.

ராசிபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கிளம்பி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் போய்த் திரும்புகிற இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பச்சை பனியன் பெண்களுக்கு. மொத்தமே ஒன்பது பெண்கள். அதில் ஒருத்தி அன்புச்செல்வி. மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர், முப்பத்தெட்டு வயது, இதுதான் முதல் தடவை. இம்தியாஸ் பாதி தூரம் போய்த் திரும்பி வரும்போது அவள் எதிர்ப்பட்டாள். அவன் கையை உயர்த்திக் காட்டினான். அவளும் காட்டினாள். அவளுடைய அந்தக் கையில் காகித டம்ளர் இருந்தது. இப்போது அதுதான் கண்முன் நின்றது.

இம்தியாஸுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தத் துணிக்கடை. ஐந்து வருடத்துக்கு முன் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தவன் ஓடினான். ஓடியவன் அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். படித்ததை வாட்ஸ்அப் குழுவில் எழுதப்போய், சேலம், நாமக்கல் பக்கத்து அறுபது பேருக்கு அவன் 'கோச்' ஆகிவிட்டான். நீண்ட ஓட்டத்தில் பக்கத்து ஆளோடு பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டர் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். புது ஷூவைப் போட்டி நாளில் போடக் கூடாது. எல்லாம் நல்ல யோசனைகள்தான், கேட்டவர்கள் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் ஓடினார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிறு, பயிற்சியில் அன்புச்செல்விக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அன்று மாலை குழுவில் எழுதினான்: 'எல்லாத் தண்ணீர் மேசையிலும் இரண்டு டம்ளர் குடியுங்கள். தாகம் எடுக்கிறவரை காத்திருக்காதீர்கள்.' நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். குழுவின் உச்சியில் அந்தச் செய்தி நிலையாக நின்றது.

பத்து நாளைக்கு முன் கடையில் உட்கார்ந்து ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையைப் படித்தான். மெதுவாக, வெகுநேரம் ஓடுகிறவர்கள் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகுமாம். வாந்தி வரும், நினைவு குழம்பும், முற்றிப்போனால் வலிப்பும் வரலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும் என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தான். குழுவில் எழுத ஆரம்பித்து அழித்தான். போட்டிக்கு முன் கடைசி நாட்களில் புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பதும் அவனே சொன்ன யோசனைதான். அதைக் காரணமாக வைத்துக்கொண்டான். காரணம் அது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கோச் என்ற பட்டத்தில் கீறல் விழுவதை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஏனுங்க பாய்."

அன்புச்செல்வியின் கணவன் குணசீலன் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றான். அவள் கைபேசியும் அவனிடம்தான் இருந்தது.

"ஊட்டுக்காரி எங்க வாராளுங்க? பாத்தீங்களா?"

"வந்துக்கிட்டிருக்காங்க."

"நீங்க சொல்லப்போயித்தானுங்க நான் சரின்னேன். இல்லாட்டி எனக்கு இதெல்லாம் பயமுங்க."

இம்தியாஸ் தலையை ஆட்டிவிட்டு மருத்துவக் கூடாரத்துக்கு நடந்தான். நடை ஓட்டமாகிவிடாமல் பார்த்துக்கொண்டான். அங்கே இருந்தவருக்கு விழுந்த பெண்ணின் பனியன் எண் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் போன டாக்டர் போனை எடுக்கவில்லை. ஒரு தன்னார்வலரிடம் ஸ்கூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பாதையிலேயே திரும்பினான்.

தை மாதப் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. போதமலை பாதி தெரிந்தது. இருபுறமும் மரவள்ளிக் காடு. பதக்கம் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது, கழற்றி வைக்கத் தோன்றவில்லை. எதிரே ஓடி வருகிறவர்களில் பச்சை தெரிந்தால் வண்டியை மெதுவாக்கினான். ஒருத்தி. அவள் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து. இல்லை. நாலாவது, ஐந்தாவது. வாய் தானாக எதையோ ஓதிக்கொண்டிருந்தது. குணசீலனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனசு ஒத்திகை பார்த்தது. கடைசி வரைக்கும் போனாலும் எட்டுப் பச்சைதானே இருக்கும் என்றது. அதற்குப் பிறகு வெகுதூரம் ஆளே இல்லை.

பதினைந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி, சாலை ஓரமாக மெல்லோட்டத்தில் ஒரு பச்சை பனியன் வந்தது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி ஓடுகிற அந்தத் தோரணை அவனே திருத்தப் பார்த்து முடியாமல் விட்டது. வண்டியை நிறுத்தினான். இறங்கினான். பக்கத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்கண்ணா, நீங்க இங்க?" அன்புச்செல்வி நின்றாள். "ஏனுங்க மொகம் இப்படி இருக்குது?"

"நீங்க நல்லாருக்கீங்களாம்மா?"

"எனக்கென்னங்க?" என்றவள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பவள்போல நடந்ததைச் சொன்னாள். முன்னால் ஓடிய ஆத்தூர்க்காரப் பெண் திடீரென்று தள்ளாடினாள், இவள்தான் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், பேர் கொடுத்தாயிற்றே என்று விடமனசில்லாமல் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்து, பேர் சொல்லி, மகனின் நம்பரையும் சொன்னாள். கதவைச் சாத்துகிறவரை இவள் அவள் கையை விடவில்லை. இருபது நிமிடம் போய்விட்டது.

இம்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டான். விழுந்தது இன்னொருத்தி என்று தெரிந்த நொடியிலேயே மனசு லேசாகிவிட்டிருந்தது, அந்தப் பெண் பிழைத்தாள் என்று தெரிவதற்கு முன்பே. அது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் வாய் திறந்தது. கட்டுரையைப் படித்ததையும், எழுதி அழித்ததையும், பத்து நாள் மூடி வைத்திருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னான்.

"தப்பு எம்மேலதாம்மா. உங்களுக்கு மட்டுமாச்சும் ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கணும்."

அவள் சாலையில் பார்வையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்படிக் குடிக்கவே இல்லீங்கண்ணா. பயிற்சியில ஒருநாள் குடிச்சுப் பாத்தேன், வயிறு குலுங்கிக்கிட்டே வந்துச்சு. அதோட தாகத்துக்கு ஒரு வாய். மிச்சத்தத் தலையில ஊத்திக்குவேன்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க சொன்னதுக்கு மாறா செய்யறேன்னு எப்படிங்க சொல்றது? சங்கடமா இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. அவள் வேறு பக்கம் திரும்பி நின்று கெண்டைக்காலை நீட்டிக்கொண்டாள். பிறகு, உடம்பு ஆறிப்போகிறது, வாரேன் என்று கிளம்பினாள்.

குணசீலனுக்குப் போன் போட்டான். "வாராங்க, நல்லாருக்காங்க, கொஞ்ச நேரமாகும்" என்றான். குணசீலன் "நெசமாலுமேங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். மைதானத்தில் ஆம்புலன்ஸ் பேச்சு அவன் காதுக்கும் போயிருக்க வேண்டும். இம்தியாஸ் அங்கேயே உட்கார்ந்து குழுவைத் திறந்து, தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது தவறு, தாகத்துக்கு மட்டும் குடியுங்கள் என்று எழுதினான். அவசரத்தில் இரண்டு எழுத்துப்பிழை. திருத்தாமல் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தான். அவளுக்கு நாலடி பின்னால், ஆக்ஸிலேட்டரை அதிகம் முறுக்காமல் உருட்டிக்கொண்டே வந்தான். வேகம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மைதானத்துக்குள் நுழையும்போது நேரக் கெடு முடிந்து கால் மணி ஆகியிருந்தது. மேசைகளை மடக்கிவிட்டார்கள். முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த பெரிய வளைவின் மோட்டாரை அணைத்திருந்தார்கள், அது நடுவில் தொய்ந்து சரிந்துகொண்டிருந்தது. குணசீலன் ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு ஓடி ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கினான். துணியைச் சுருட்ட வந்த இரண்டு பேர் மறுபக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அன்புச்செல்வி வேகத்தைக் குறைக்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். பனியில் நனைந்த துணி அவள் கூந்தலை உரசி நழுவ, அந்தப் பக்கம் வெயிலுக்குள் போனாள்.