ஒலிச்சேர்க்கை

பவர்லூம் ஓடும் ஷெட்டின் இருட்டு மூலையில் அவரைச் செடித் தொட்டி இருந்தது. இலையெல்லாம் வெளுத்துவிட்டது. முந்தாநாள்தான் தறிக்காரர் தனகோடி அதை வெயிலில் எடுத்து வைத்திருந்தார். மகள் பானுப்ரியா மறுபடியும் உள்ளே கொண்டுவந்திருக்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தார். அவள் அழுதுகொண்டே தறியைக் காட்டினாள், பிறகு செடியைக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் அறிவியல் டீச்சர் அகல்யா பள்ளிக்கு வரச்சொல்லி, பரீட்சைத் தாளை நீட்டினார். 'செடிகள் ஒலியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. சத்தம் இல்லாத இடத்தில் செடி வளராது' என்று மகள் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

"நான்தாங்க அந்த ஆப்ல பாடம் பாக்கச் சொன்னேன். கீழ எழுத்து வருது, இவளும் படிச்சிகினு வந்துடுவான்னு நெனச்சேன்" என்று அகல்யா போனில் பாடத்தை ஓடவிட்டார். திரையில் ஆசிரியர் 'ஒளிச்சேர்க்கை' என்றார். அவருக்குக் கீழே 'ஒலிச்சேர்க்கை' என்று எழுத்து ஓடியது. "மெஷினே கேட்டு எழுதுறதுங்க. யாரும் சரி பாக்கல. நானும் பாக்கல."

"புக்குல கரெக்டாதானே டீச்சர் இருக்குது?"

அகல்யா புத்தகத்தைத் திறந்து அந்தச் சொல்லைப் பானுப்ரியாவுக்குத் தொட்டுக் காட்டினார். அவள் நோட்டில் எழுதினாள்: 'புத்தகத்தில் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வீடியோவில் வரும் சார் நிறையப் படித்தவர்.'

தனகோடிக்கு அப்போதுதான் விளங்கியது. தறி ஓடும்போது தரை அதிர்வதைக் காலால் உணர்ந்து, சத்தம் அங்கேதான் இருக்கிறது என்று கண்டுகொண்டவள், செடிக்குச் சோறு போடத்தான் அதை உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். அதற்குத்தான் அடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் தொட்டியை மாடியில் வைத்தார். செடி பிழைக்கவில்லை.

அகல்யா அந்த ஆப்காரர்களுக்கு நான்கு முறை எழுதினார். 'உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று நான்கு முறையும் பதில் வந்தது. மூன்று மாதம் ஆகியும் எழுத்து மாறவில்லை.

அதனால் தனகோடியே மாலையில் தறியை நிறுத்திவிட்டு, பாடத்தைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் எட்டாவதோடு நின்றவர். உடம்பிலுள்ள செல்லைப் பற்றிய பாடத்தில் ஒரு சொல் ஐந்து தடவை கேட்டும் பிடிபடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டார். பானுப்ரியா அங்கே விரலை வைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அவள் பேனாவை வாங்கி, 'எனக்கு அறிவியல் வேண்டாம் அப்பா' என்று எழுதினாள்.

படித்தும் படிக்காதவர் போல அவர் வீடியோவைப் பின்னால் தள்ளி ஓடவிட்டார். ஆறாவது தடவையும் அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை.