மாப்பிள்ளைக்குத் தர வேண்டிய கெரிஸ்

ஜுமிரான் மூன்றாவது முறையாகத் தூரிகையைப் பாஷாணத்தில் தோய்த்து, கெரிஸ் குத்துவாளின் அலகின் மேல் தடவினார். எலுமிச்சைச் சாற்றில் கரைத்து இரண்டு வருடம் ஊறவைத்த பாஷாணம். பட்ட இடத்தில் இரும்பு கறுத்துவிடும், நடுவே ஓடும் நிக்கல் வரி மட்டும் வெள்ளியாக நிற்கும். வரி நன்றாகவே நின்றது. கைப்பிடிப் பக்கத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் ஏறிவந்தது, நான்கு விரல் தள்ளி அறுந்திருந்தது. ஒரு நெல்மணி அளவுக்குக் கறுப்பு. அதற்கப்புறம் மறுபடி தொடங்கி நுனிவரை போயிற்று. கழுவித் துடைத்து முற்றத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வரி அறுந்த கெரிஸை மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் தம்பதி பிரிந்துவிடுவார்கள். சோலோ ஊரில் இதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் யார்? இதே ஜுமிரான்தான். ஆறு வருடத்துக்கு முன்பு, தெருமுனையில் தோஃபு கடை வைத்திருக்கும் தாரிமின் என்பவர், தம் மகளின் கல்யாணத்துக்காக ஒரு கெரிஸைச் சாயம் ஏற்றக் கொண்டுவந்தார். அதன் வரியைப் பார்த்துவிட்டு, "இதக் கொடுத்து அனுப்பினா பொண்ணு ஒரே வருஷத்துல பொட்டியோட திரும்பி வந்துடும்" என்றார் ஜுமிரான். வேறு கெரிஸ் தேடுவார் என்று நினைத்துத்தான் சொன்னது. தாரிமினோ கல்யாணத்தையே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் கர்தி இன்னும் கடையில் நின்று தோஃபு பொரிக்கிறாள். ஜுமிரான் போனால் ஒரு துண்டு கூடவே போட்டுத் தருவாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

மகள் ரெத்னோவுக்கு இன்னும் நான்கு நாளில் கல்யாணம். இந்தக் கெரிஸ் ஜுமிரானுக்கு அவர் மாமனார் கொடுத்தது. மாப்பிள்ளை பகாஸுக்கு இதைத்தான் தருவதாகச் சொல்லியாயிற்று, பகாஸ் வீட்டார் உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தும் ஆகிவிட்டது. வருடந்தோறும் சுரோ மாதத்தில் வீட்டிலுள்ள மற்ற கெரிஸ்களை அவர் சுத்தம் செய்வார். இதை மட்டும், "எங்கப்பா கொடுத்தது, நானே பாத்துக்கறேன்" என்று மனைவி முர்ஸினா எடுத்து எண்ணெய் தடவி உறைக்குள் போட்டுவிடுவாள். அவள் கிளாத்தனுக்கு அழைப்பு சொல்லப் போன இரண்டு நாளில், மகளுக்குப் போவது பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டு, தேங்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துவிட்டார். கறுப்பு அழுக்கு அப்பிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முர்ஸினா பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"யாரக் கேட்டு அதத் தொட்டீங்க?"

"ஒரே கறுப்பா இருந்துச்சு. அதான்..."

"கறுப்பாக்கினதே நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். "நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப அப்பா இதக் கழுவினாரு. வரியப் பாத்துட்டு, இந்தச் சம்பந்தமே வேணாம்னுட்டாரு. நான் அழுத அழுகையில, உன் பாடு உன் தலையெழுத்துன்னு எங்கையில கொடுத்துட்டாரு. புகைக்கரியையும் எண்ணெயையும் கொழச்சு நான்தான் பூசினேன். வருஷா வருஷம் பூசினேன்."

"இருபத்தெட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களா? நீங்க செமாராங்குக்குப் பஸ் ஏறினா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணினப்ப, சாமியக்கூட நெனைக்கல, இந்த வரிதான் கண்ணுல நின்னுச்சு. நீங்க என்னடான்னா முன்னாடி உக்காந்துக்கிட்டு, அறுந்த வரி ஆகாது, அறுந்த வரி ஆகாதுன்னு ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனீங்க. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அவளுடைய கையைப் பிடிக்க நினைத்தார், கையெல்லாம் பாஷாணம். இருபத்தெட்டு வருடம் பிரியாமல் வாழ்ந்தாகிவிட்டதே, வரி சொல்வது பொய்தானே என்று ஒரு கணம் மனசு துள்ளியது. பொய் என்றால் கர்திக்கு அவர் செய்தது என்ன? மெய் என்றால் ரெத்னோ என்ன ஆவாள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

"மறுபடியும் கரியப் பூசிடலாமா?" என்றார்.

"பூசலாம். அப்புறம் பகாஸ் பஸ் ஏறுறப்பல்லாம் நாம ரெண்டு பேரும் பட்டினி கெடக்கலாம்."

அதற்குள் ரெத்னோ தையற்காரரிடமிருந்து வந்துவிட்டாள். ஜாக்கெட் பொட்டலத்தை அம்மா மடியில் போட்டாள். "அட, சாயம் ஏத்திட்டீங்களா! காட்டுங்கப்பா." அவர் மறைப்பதற்குள் துணியோடு எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்த முற்றத்தில் அப்பா பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். அவள் கண் கைப்பிடிப் பக்கத்திலிருந்து வரியோடு மேலே ஏறுவதை இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா வந்திருக்குப்பா" என்றாள். "பகாஸ் வெளியில வண்டிய நிறுத்திக்கிட்டு இருக்காரு. கூப்பிடட்டுமா, பாக்கட்டும்?"

வெளியே ஸ்கூட்டர் சத்தம் அடங்கியது. ரெத்னோ கெரிஸை இன்னும் உயர்த்தியே பிடித்திருந்தாள். வரி கீழிருந்து வந்து, அறுந்த இடத்தில் அவள் கட்டைவிரலுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிப்பட்டு நுனிவரை ஓடியது. வாசற்கதவு திறந்தது, விரல் அசையவில்லை.