ஒரு மீட்டர் முப்பது

ஸ்கேல் டீச்சர் என்றுதான் பள்ளிக்கூடம் முழுக்கப் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி. பத்தாம் வகுப்புக்கு வரலாறும் புவியியலும் எடுக்கிறவர். படம் அழகாக இருந்தால் அவரிடம் மார்க் கிடையாது, அளவு சரியாக இருந்தால்தான் உண்டு. மலைத்தொடருக்குப் பக்கத்தில் ஒரு மான்குட்டியை வரைந்து வந்த பிள்ளையிடம், "ஸ்கேல்படி பாத்தா உன் மானு நாலு ஊரை மிதிச்சுக்கிட்டு நிக்குது, இறக்கி விடு அதை" என்றார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் மான் வரையவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தன் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

அந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம், 'என் வீடு'. ரெக்கார்டு நோட்டின் இடது பக்கத்தில் வரலாறு: வீட்டை யார் கட்டியது, எப்போது, என்னென்ன மாறியது. வலது பக்கத்தில் புவியியல்: வீட்டின் அளவுப்படம், அரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். முதலில் வெளியே அளக்க வேண்டும். பிறகு உள்ளே அறை அறையாக, சுவரின் தடிமன் உட்பட. இரண்டையும் கூட்டினால் ஒத்துவர வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் தங்கள் படங்களைத் தனித்தாளில் நகல் வரைந்து, வரிசையாக ஒட்டி, வகுப்பின் பின்சுவரில் முழுத் தெருவாக மாட்ட வேண்டும்.

இடது பக்கங்களைப் படிக்கும்போது டீச்சருக்கே சிரிப்பு வந்தது. "எங்கள் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்ததால் நடுவில் சுவர் வந்தது. இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சுவர் அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருந்தாள் லாரி டிரைவரின் மகள். அதற்கு ஒரு மார்க் கூடப் போட்டார்.

அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண்தான் தையல்காரரின் மகள். அதிகம் பேசமாட்டாள். அப்பாவின் டேப்பை வைத்து அளந்திருந்தாள், அரை சென்டிமீட்டர்கூட விடாமல். தெருவை ஒட்டி நீளவாக்கில் அமைந்த வீடு. தையல் அறை மூன்று அறுபது, நடு அறை மூன்று நாற்பது, சமையலறை இரண்டு இருபது, சுவர்கள் எல்லாம் சேர்ந்து எழுபது சென்டிமீட்டர். மொத்தம் ஒன்பது மீட்டர் தொண்ணூறு. வெளியே அளந்தது பதினொன்று இருபது.

டீச்சர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வெளியளவும் உள்ளளவும் ஒத்துவரவில்லை. ஒரு மீட்டர் முப்பது எங்கே? மீண்டும் அளந்து வா.' எழுதி முடித்ததும் அவருக்கு நிறைவாக இருந்தது. நல்ல மாணவியிடம் ஒரு நல்ல பிழையைப் பிடிப்பதில் வாத்தியார்களுக்கு ஒரு ருசி உண்டு.

வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டார்.

"சமையலறைச் சுவர் தடிச்ச சுவரு, டீச்சர்."

"ஒரு மீட்டர் முப்பதா? அரண்மனையா உங்க வீடு? பீரங்கி எதாவது வச்சிருக்கீங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனி வெளுத்திருந்ததை டீச்சர் பார்த்தார், அவமானம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. பதினொன்று இருபதை ரப்பரால் அழித்து, ஒன்பது தொண்ணூறு என்று எழுதியிருந்தாள். தாள் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. டீச்சர் விடுவாரா? போன மாதம்தான் அந்தத் தெருவைப் பிள்ளைகளை விட்டுச் சங்கிலி பிடித்து அளக்கச் செய்திருந்தார். லாரி டிரைவர் வீட்டுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

"வெளியளவை ஏன் குறைச்சே? அது சரியாத்தான் இருந்துச்சு. தப்பு உள்ளேதான். எதையோ அளக்காம விட்டுட்டே."

"இல்ல, டீச்சர்."

"விட்டுட்டே. சும்மா இல்ல இல்லங்காதே."

சிவப்பு மையில் இன்னொரு வரி ஏறியது: 'உள்ளே ஓர் இடம் விடுபட்டுள்ளது, சமையலறைக்கு அப்பால்.' தெருப்படத்தை மாட்டியபோது, தையல்காரர் வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. "இருக்கட்டும், பாத்துப் பாத்து அவளுக்கே உறைக்கட்டும்" என்று விட்டுவிட்டார் டீச்சர். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்து, மயங்கிப்போய், ஏதாவது பரிசு கிடைக்கும் என்று போனில் படம் பிடித்துக் கல்வி ஆபீஸுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டுகளும் கட்டாகக் கட்டி மேல்சரிபார்ப்புக்குப் போய்விட்டன.

புதன்கிழமை மதிய இடைவேளையில் தையல்காரர் வந்தார். வகுப்பில் யாருமில்லை. டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப் தொங்க, வாசலிலேயே நின்றார் மனிதர். வேலையின் நடுவே எழுந்து வந்திருக்க வேண்டும், சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பாவோட நோட்டு வேணும், டீச்சர்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளா சாப்பிடலை. அழுதுக்கிட்டே இருக்கு. ஏதோ அளவு தப்புன்னு..."

"தப்பைத் தப்புன்னுதானே சொல்லணும். இதுக்குப் போய் அழுவாங்களா?"

அவர் பின்சுவரில் தன் தெருவைப் பார்த்துவிட்டார். கிட்டே போய், வெள்ளைப் பட்டைக்கு முன்னால் நின்றார்.

"நான் துணி வெட்டுறவன், டீச்சர். துணி குறைஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாம ஒரு ஒட்டுப் போட்டுக் குடுத்துடுவேன். நீங்களும் ஒரு ஒட்டுப் போட்டுடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

இது மார்க்குக்காக ஒரு தகப்பன் பேசுகிற பேச்சு இல்லை என்று அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் ஆறு வாரமாக ஒட்டியிருக்கும் நோட்டீஸ். நூல் மில்லில் தகராறு நடந்ததிலிருந்து தேடப்படுகிற ஆளின் முகம். அந்தத் தகராறில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் பதினோரு பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை. வீட்டுக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் கூட்டி வரவில்லையே என்று பதில் வந்தது. தினமும் பார்த்துச் சலித்த முகம்தான். இன்றைக்கு டீச்சர் அதையும் பார்த்தார், எதிரே நின்றவரையும் பார்த்தார். ஒரே புருவம், ஒரே தாடை.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தார் டீச்சர்.

"தம்பியா?"

"எட்டு வயசு சின்னவன். எங்கம்மா போனப்புறம் நாந்தான் தோள்ல போட்டு வளத்தேன்." குரல் இறங்கியது. "நாளைக்கு ராத்திரி வண்டி சொல்லியிருக்கு, டீச்சர். அது வரைக்கும் போதும். பகல்ல நகத்த முடியாது, தெருமுனையில ஆள் போட்டிருக்கான். பாப்பாவுக்கு எல்லாம் தெரியும். உள்ளே அளக்கும்போது அவன் இருக்கற இடத்தைக் கவனமா விட்டுட்டா. வெளியில அளக்கும்போது, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி சரியா அளந்துட்டா. குழந்தைதானே."

நோட்டு ஆபீஸுக்குப் போய் இரண்டு நாளாகிறது என்பதை டீச்சர் சொன்னார். சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. தையல்காரர் கோபப்படவில்லை. கழுத்து டேப்பை எடுத்து, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு, "யாரும் அதெல்லாம் உக்காந்து படிக்க மாட்டாங்க, இல்லையா டீச்சர்?" என்று கேட்டார்.

"மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவாங்க, அவ்வளவுதான்."

அவர் போனதும் டப்பாவை மூடினார் டீச்சர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டு மடியில் விட்டுவிட்டு வந்த தன்னைப் போன்றவர்களுக்கு என்ன பேர் என்றுதான் தெரியவில்லை. கதவைத் தாழிட்டார். தையல்காரர் வீட்டுப் படத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து, புதுத் தாளில் வேறொன்று வரைந்தார். தையல் அறைக்கு நாற்பது சென்டிமீட்டர் கூட்டினார், நடு அறைக்கு ஐம்பது, சமையலறைக்கு நாற்பது. மூன்று அறையும் கொஞ்சம் கொஞ்சம் கொழுத்தன. பட்டை மறைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் அளவு போடுகிற கை, ஸ்கேலைப் பிடிக்கத் தெரியாத கைபோல வழுக்கியது. மதியம் வகுப்புக்கு வந்த அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

வியாழக்கிழமை இரண்டாம் பீரியடில் ஹெட்மாஸ்டர் ஒருவரை அழைத்து வந்தார். "டீச்சர், சார் கல்வி ஆபீஸ்லேர்ந்து. நம்ம படத்தை நேர்ல பாக்கவே வந்திருக்கார்!" ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

கல்வி ஆபீஸ் ஆட்களை டீச்சர் நிறையப் பார்த்திருக்கிறார். வந்ததும் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள், அது வருவதற்குள் டீயைக் கேட்பார்கள். இவர் இரண்டையும் கேட்கவில்லை. கையில் ஒரே ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது. அட்டையைப் பார்த்ததுமே டீச்சருக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது.

வந்தவர் நேராகப் பின்சுவருக்குப் போனார். அவசரமே இல்லாமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டு வந்தார். தையல்காரர் வீட்டில் விரல் நின்றது. போனை எடுத்து, எதையோ பார்த்து, மறுபடி சுவரைப் பார்த்தார்.

"போட்டோவுல இங்க ஒரு வெள்ளைப் பட்டை இருந்துச்சே, மேடம்."

"அது என் தப்பு, சார். கூட்டல்ல விட்டுட்டேன். நேத்துதான் பாத்துச் சரி பண்ணேன்."

"அப்படியா?" நோட்டைப் பிரித்தார். "இந்தச் சிவப்பு மை உங்க கையெழுத்துதானே? ரெண்டு வாட்டி எழுதியிருக்கீங்க. சமையலறைக்கு அப்பால்னு இடத்தையே சொல்லியிருக்கீங்க."

"ரெண்டு வாட்டியும் தப்பாத்தான் எழுதிட்டேன். அந்தப் பிள்ளை சரியா அளந்திருந்தா. நான் சும்மா அவளைப் போட்டு வறுத்துட்டேன்."

"யானைக்கும் அடி சறுக்கும், சார்," என்று சிரித்தார் ஹெட்மாஸ்டர், எங்கே பரிசு போய்விடுமோ என்ற பயத்தில்.

வந்தவரும் சிரித்தார். நம்பிவிட்டார் என்றே ஒரு நிமிஷம் தோன்றியது. நோட்டை மூடிக்கொண்டு வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். டீச்சர் மூச்சை விட்டார். அப்போதுதான் அந்த ஆள் பிள்ளைகள் பக்கம் திரும்பினார், நல்ல மாமாவைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"என்ன பசங்களா, உங்க டீச்சர் கணக்குல தப்பு விடுவாங்களாமே?"

நாற்பது பிள்ளைகளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியாள் ஒருவர் வந்து தங்கள் ஸ்கேல் டீச்சரைக் குறை சொல்வதா? லாரி டிரைவர் மகள்தான் முதலில் எழுந்தாள்.

"இல்லவே இல்ல, சார்! எங்க டீச்சர் அளவு தப்பவே தப்பாது!"

"தப்பாது, சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. பெஞ்சைத் தட்டினார்கள். "அந்தத் தெருவை நாங்கதான் சார் சங்கிலி பிடிச்சு அளந்தோம்! பதினொன்னு இருபதுதான், சார்!"

டீச்சர் கையை உயர்த்தினார். அடங்கச் சொல்லித்தான். பாராட்டை ஏற்க வெட்கப்படுகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்படி ஒரு அன்பு இந்த வகுப்புக்குத் தன்மேல் இருப்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்த நேரத்தில் அது நெஞ்சை அறுத்தது.

வந்தவர் தலையசைத்துவிட்டு, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். ஹெட்மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். கீழே ஜீப் கதவுகள் மூடும் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, மூன்று ஜீப்.

வகுப்பு இன்னும் குதூகலமாக இருந்தது. தையல்காரரின் மகள் மட்டும் எழுந்து, முறைப்படி கையைக் கட்டிக்கொண்டு, டீச்சரின் மேசைக்கு வந்தாள். அப்போதும் அனுமதி கேட்கத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

பள்ளிக்கூடத்திலிருந்து அந்தத் தெரு எண்ணூற்று நாற்பது மீட்டர். சந்து வழியாக ஓடினால் அறுநூற்றுப் பத்து. ஓடுகிற பிள்ளைக்கு எத்தனை நிமிஷம், ஜீப்புக்கு எத்தனை நிமிஷம் என்று டீச்சரின் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அந்தக் கணக்கிலும் தப்பு இல்லை.

"ஓடு," என்றார். "சந்து வழியா ஓடு, கண்ணு."