வெறுங்கால் ஞாயிறு

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது மதார் சாகிப் போட்ட கண்டிஷன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் அவருக்கு ஓர் ஐஸ் கிடங்கு இருந்தது. வெயில் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வரும். படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை. கிடங்கு காலியாகக் கிடக்கும். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களுக்கு மட்டும் இடம் தருவீர்களா என்று பாரியும் அவன் மனைவி மித்ராவும் போய் நின்றபோது, சாகிப் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணப் பாட்டா?"

"இல்ல பாய். கம்ப்யூட்டர்ல பண்றது. பாட்டுன்னு சொல்ல முடியாது. வெறும் தாளம்னு வெச்சுக்குங்க," என்றாள் மித்ரா.

"யாரும் பாடலேன்னா இன்னாத்துக்கு ஆளு வரான்?"

"ஆடறதுக்கு."

சாகிப் சிரித்துவிட்டார். "ஆடு. செருப்ப மட்டும் வெளிய வுட்டுட்டு வா. அந்தத் தரையில வெக்கிற ஐஸத்தான் மீனு மேல கொட்றான். அந்த மீன நீயும் துன்னுவே, நானும் துன்னுவேன்."

அறுபது பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை. குளிர் வெளியே போகாமல் இருக்கச் சுவருக்குள் தெர்மகோல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சத்தமும் வெளியே போகவில்லை. வெறுங்காலில் நின்றால் தாளத்தின் கனத்த பேஸ் அதிர்வு தரை வழியாக ஏறி முழங்காலில் வந்து உட்காரும். வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கிண்டியிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்தவர்கள்கூடத் தயங்காமல் படிக்கட்டு ஓரம் செருப்பை விட்டார்கள்.

கதவு ஒன்றுதான். ஒரு ஆள் நுழையும் அகலம், ஈரம் காயாத படிகள். முதல் ஞாயிறு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் ஒரு பெண் சறுக்கி விழுந்தாள். அடுத்த வாரம் மித்ரா மைக்கை எடுத்துச் சொன்னாள்: "கடைசிப் பாட்டு குந்திகினுதான் கேக்கணும். கதவுகிட்ட கீறவங்க மொதல்ல எழுந்து போங்க. அப்புறம் அடுத்த வரிசை. மத்தவங்க அப்படியே குந்திகினு இருங்க." அதற்கென்றே ஒரு டிராக் செய்தாள். ஐஸ் கட்டியை உடைக்கிற மிஷினின் சத்தத்தைப் போனில் பிடித்து, மெதுவாக்கி, அதன்மேல் கட்டியது. அந்தக் கரகரப்பு கேட்டதும் அறை தானாகத் தரையில் உட்கார்ந்துவிடும்.

போன ஆடியில் டெங்கு வந்து மித்ரா இறந்துபோனாள். பாரிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். வியாசர்பாடி வீட்டில் அவள் துணிகள் கொடியிலிருந்து இறங்கவில்லை. யாராவது இறக்கியிருந்தாலும் அவன் கவனித்திருக்கமாட்டான்.

மறுபடி தடைக்காலம் வந்தது. கூட்டாளி ஃபவாஸ் வந்து உட்கார்ந்தான். கல்லூரி நாளிலிருந்தே ஆளைப் பிடிப்பது, போஸ்டர் போடுவது எல்லாம் அவன்தான்.

"மாமு, இந்தத் தபா பெரிசா போலாம். திருவொத்தியூர்ல ஒரு கன்டெய்னர் குடோன் கீது. ஆயிரத்தைந்நூறு பேரு தாங்கும். எத்தினி நாளைக்கு அறுபது பேரையே ஆட்டிகினு இருக்கறது?"

பாரி சரி என்றான். ஃபவாஸுக்கே ஆச்சரியம். சண்டை போடத் தயாராக வந்திருந்தான்.

காரணத்தைப் பாரி சொல்லவில்லை. ஐஸ் கிடங்கில் பாட்டுப் போடுகிற கன்சோல் வைக்கிற மூலைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. மித்ரா தன் பையை அதில்தான் மாட்டுவாள். அந்தக் கொக்கியை அவனால் பார்க்க முடியாது. ஆயிரத்தைந்நூறு பேர் வருகிற இடத்தில் அவனை யாருக்கும் தெரியாது. யாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசமாட்டார்கள்.

"ஒண்ணு மட்டும். அந்தக் கடைசி டிராக்க நான் போடமாட்டேன்," என்றான்.

"வேணாம். ஆயிரம் பேரு குந்துவானா இன்னா? ஆனா செருப்பு மேட்டர் வுடக் கூடாது. அதான் நம்ம அடையாளம்," என்றான் ஃபவாஸ். போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டான்: வெறுங்கால் ஞாயிறு.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தக் குடோன். தகரக் கூரை. ஒரு பக்க ஷட்டரை அடைத்துக்கொண்டு டிரெய்லர்கள் நின்றன. டிரைவர்கள் வரத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். எதிர்ப்பக்க ஷட்டரைத் திறந்தால் சத்தம் தெருவுக்குப் போகும், புகார் வரும். அதனால் அதையும் இறக்கிவிட்டு, அதன் நடுவில் இருந்த சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். அதற்கு வெளியே செருப்புக்கென்று தரையில் தார்ப்பாய் விரித்தார்கள். ரேச்சல் அங்கே நின்றாள். ராயபுரத்துப் பெண். கிடங்கு நாளிலிருந்து கதவு அவள் பொறுப்பு.

"டேய் ஃபவாஸு, செருப்பு மலையாட்டம் குமியுது. பேர் எழுதி டோக்கன் குடுத்தாகூட ஜோடி சேராது," என்றாள் வாக்கிடாக்கியில்.

"சேக்கறது நம்ம வேல இல்ல. நீ டிக்கெட்ட பாரு."

"ஒவ்வொரு ஷூவும் என் ஒரு மாச சம்பளம் வெலடா."

"ஒண்ணு உன் காலுக்கு சரியா கீதா பாரு."

ஐந்து மணிக்குக் குடோன் நிறைந்தது. பாரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கன்சோலுக்குப் பின்னால் நின்றான். ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வந்தவை, ஆள் உயரம். சத்தம் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் காலில் ஏறவில்லை. மேலே கூரைக்குப் போய்த் தகரத்தை நடுக்கிவிட்டுத் திரும்பியது. ஐஸ் கிடங்குக்கு வந்த பழைய ஆட்கள் சிலரைக் கூட்டத்தில் அங்கங்கே அடையாளம் தெரிந்தது. ஒருவர் கையசைத்தார். பாரி பார்க்காதது போல ஒரு குமிழைத் திருகினான். அவன் நினைத்தது சரிதான். இங்கே ஒன்றும் தோன்றவில்லை. நல்லது.

வெளியே முற்றத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். டீக்கடை, பஜ்ஜிக் கடை, சிகரெட்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மழை வந்தது. கோடை மழை, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டியது. ஹெட்போனில் பாரிக்குக் கேட்கவில்லை. அவன் பார்த்தது வேறு. எதிரே முகங்கள் இருந்த இடத்தில் பிடரிகள் இருந்தன. கூட்டம் மொத்தமும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரும்பியது நகரவும் ஆரம்பித்தது.

ஹெட்போனைக் கழற்றினான். தகரத்தில் மழை. வாக்கியில் ரேச்சல் கத்திக்கொண்டிருந்தாள்.

"பாரி! உள்ளேருந்து ஷூ எடுக்க வரானுங்க. நனையுதாம். வெளிய கீறவன் மழைக்கு உள்ள பூர்றான். கதவுல ரெண்டும் முட்டிகிச்சு. காலடியில பூரா செருப்பு, எவனுக்கும் கால் நிக்கல. ஒரு பொண்ணு வுழுந்துட்டா. மஞ்ச சட்ட. எனக்குக் கை எட்டல!"

ஃபவாஸ் மேடைக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நிறுத்தட்டுமா?" என்றான் பாரி.

"நிறுத்தாத! நிறுத்துனா இன்னாவோ ஏதோன்னு மொத்தப் பேரும் ஒரே நேரத்துல கெளம்புவான். ஒருத்தனும் மிஞ்சமாட்டான்."

அது உண்மை. நிறுத்தாவிட்டாலும் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியப்போவதில்லை. தாளத்துக்கு ஆடியபடியே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் ஒவ்வொரு அடியும் அந்தச் சின்னக் கதவில் போய் அழுத்தியது. அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருப்பவன் பாரி.

"பெரிய ஷட்டர தூக்கு," என்றான்.

"எப்படித் தூக்கறது? ஆளுங்க அதுமேல சாஞ்சிகினு கீறானுங்க. சங்கிலிய இழுத்தாலும் ஷட்டர் அசையாது. நாலடி பின்னால வந்தாத்தான்."

"போய் சங்கிலிகிட்ட நில்லு."

"வரமாட்டானுங்கடா!"

"நீ போ."

ஃபவாஸ் சுவரை ஒட்டி ஓடினான். வாக்கியில் ரேச்சல் இப்போது வார்த்தை இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

பாரி பேஸைக் குறைத்தான். ஒரேயடியாக இல்லை. தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை உருவுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக. ஆடுகிறவர்களின் தோள்கள் தளர்ந்தன. லேப்டாப்பில் மித்ராவின் ஃபோல்டரைத் திறந்தான். பத்து மாதமாகத் திறக்காதது. விரல் ஒரு கணம் நின்றது. அங்கே ஒரு மஞ்சள் சட்டை தரையில் கிடக்கிறது. அழுத்தினான்.

ஐஸ் உடைக்கிற மிஷின் கரகரவென்று குடோன் முழுக்க எழுந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு இடது பக்கம், தூணருகே, ஒரு தலை கீழே போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. நடுவில் இரண்டு. கையசைத்த அந்த மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுப்பது தெரிந்தது. பழைய ஆட்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தார்கள். சிதறிக் கிடந்ததே நல்லதாகப் போயிற்று. கூட்டத்தில் அங்கங்கே பள்ளம் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஏன் என்று குனிந்து பார்த்தார்கள்.

மைக் எப்போதும் மித்ராவுடையது. பாரி ஒருநாளும் பேசியதில்லை. எடுத்தான்.

"குந்துங்க."

அது ஒரு மனிதக் குரல் மாதிரியே இல்லை.

"எல்லாரும் நிக்கிற எடத்துலயே குந்துங்க. பின்னால கீறவங்க மொதல்ல. உங்க ஷூ எங்கயும் போவாது. கடைசி பாட்டு குந்திகினுதான் கேக்கணும். அதான் இங்க வழக்கம்."

யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பின்வரிசை இறங்கியது. அதற்கு முன்னால் இருந்த வரிசைக்குப் பின்னாலிருந்து தள்ளுகிற கை இல்லாமல் போயிற்று. அவர்களும் இறங்கினார்கள். மழைநீர் கசிந்த சிமெண்டில், நல்ல துணி உடுத்தியவர்களும் உட்கார்ந்தார்கள். நெருக்கம் கதவை நோக்கி வரிசை வரிசையாகத் தளர்ந்துகொண்டு போவதை அவன் மேடையிலிருந்து பார்த்தான். கதவருகே மட்டும் இன்னும் நின்றார்கள். அவர்களால் உட்கார முடியாது.

"கதவுகிட்ட கீறவங்க, பின்னால எடம் கீது. திரும்பிப் பாருங்க. நாலடி பின்னால வாங்க."

ஒருவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வெறும் தலைகள், முழங்கால்கள், இடம். பின்வாங்கினான். இன்னொருவன். அழுத்தம் விலகியதும் ஷட்டர் தகரம் டம்மென்று பழையபடி நிமிர்ந்தது. ஃபவாஸ் சங்கிலியில் தொங்கினான்.

ஷட்டர் ஏறியது. மழையும் காற்றும் மணலி ஆலைப் பக்கத்துப் புகை வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. ரேச்சல் செருப்புக் குவியலின் மேல் முழங்காலிட்டு, மஞ்சள் சட்டைப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

பாரி மைக்கைப் பிடித்தபடியே நின்றான்.

வாக்கி கரகரத்தது. "மூச்சு கீது. பேசறா. கணுக்கால் போச்சுன்னு நெனக்கிறேன். அம்மா நம்பர் சொல்றா."

அப்போதுதான் கன்சோலைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் போலவே தரையில் உட்கார்ந்தான். டிராக் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை எந்த இடத்தில் தொடங்கியது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஷட்டர் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்து போனார்கள்.

கூட்டம் போனபின் மூவரும் முற்றத்தில் மிச்சம் கிடந்தவற்றை ஜோடி சேர்த்தார்கள். மஞ்சள் சட்டைப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது. மழை விட்டிருந்தது.

"ஒத்தச் செருப்போட போனவன் அடுத்த தபாவும் வருவான் பாரு, இன்னொண்ணத் தேடிகினு," என்றாள் ரேச்சல். யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

ஃபவாஸ் ஒரு நனைந்த ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தான். "பெரிய எடம் தப்பில்ல மாமு. கதவு தப்பு. அந்த செருப்பு தப்பு, அது என் தப்பு. நாலு கதவு வெச்ச எடமா பாத்து நான் மறுபடி செய்வேன்."

"செய். தப்புன்னு நான் சொல்லல."

"நீ வருவியா?"

பாரி போனை எடுத்துக்கொண்டு டிரெய்லர்கள் பக்கம் நடந்தான். மதார் சாகிப் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இன்னா நைனா, வருஷத்துக்கப்புறம் நெனப்பு வந்துச்சா? அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து நீ சாவியே கேக்கலியே."

"இப்ப கேக்கறேன் பாய். தடை முடிய இன்னும் ரெண்டு ஞாயிறு கீது."

"எத்தினி பேரு?"

"அறுபது."

"செருப்பு?"

"வெளிய."

"படிக்கட்டு ஓரமா கூரைக்கடியில வெய்யி. மழ வருது பாரு," என்றார் சாகிப்.